கிளெண்டாவின் குடியைக் கெடுத்த ஏ கிரேடு

பிள்ளை ஃபெயில் ஆகிவிட்டது என்று பள்ளிக்கூடத்துக்கு வந்து கத்துகிற தாயை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பிள்ளைக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டார்கள் என்று வந்து கத்திய தாயை நான் பார்த்திருக்கிறேன். அவள் என் கூடப்பிறந்த அக்கா, கிளெண்டா ஸ்ட்ரோபெல். ஓஹையோவில் ஆல்டர்ஃபோர்டு என்கிற எங்கள் ஊரில் வீடு விற்றுக் கொடுக்கிற தொழில், பல் டாக்டர் புருஷன், கார் இரண்டு, மகள் ஒன்று. யாரும் குறை சொல்ல முடியாத வாழ்க்கை. அதனாலோ என்னவோ, குறையை அவளே தேடிப் பிடித்து வளர்த்தாள்.

நான் டார்லா. அதே ஊர் மேல்நிலைப் பள்ளியின் முன் அலுவலகத்தில் வருகைப் பதிவு பார்க்கிறேன். யார் வரவில்லை, யார் தாமதம் என்று காலை முழுக்க கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருப்பேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று பெற்றவர்கள் பேசுகிற பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவள். மகன் அறிவியலில் பி வாங்கினான் என்பதற்காகக் கண்ணைக் கசக்கிய ஒரு அப்பாவை எனக்குத் தெரியும். அவர் நகரசபையில் பெரிய இஞ்சினியர். அவர் போட்ட பாலத்தில் இன்றைக்கும் மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கிறது.

முதலில் இந்த மதிப்பெண் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் அக்காவின் பைத்தியம் உங்களுக்குப் பிடிபடாது. எங்கள் பள்ளியில் எல்லா ஏவும் ஒரே ஏ இல்லை. இயற்பியல், உயர்கணிதம் மாதிரி கனமான பாடத்தில் ஏ வாங்கினால் ஐந்து புள்ளி. சமையல், தச்சு, பாட்டு, உடற்பயிற்சி இவற்றில் ஏ வாங்கினால் நான்குதான். எல்லாவற்றையும் கூட்டி வகுத்து, வகுப்பில் யார் முதல், யார் இரண்டாவது என்று வரிசை போடுவார்கள். ஆகவே கனமான பாடங்களிலேயே ஊறிக் கிடக்கிற பிள்ளை சமையலில் ஏ வாங்கினால் அதன் சராசரி இறங்கும். கெட்டியான சூப்பில் நல்ல தண்ணீரை ஊற்றினாலும் சூப் நீர்த்துத்தானே போகும்? அந்த நேரத்தில் எந்தப் பாடமும் எடுக்காமல் நூலகத்தில் குறட்டை விடுகிறவனுக்கு ஒன்றும் இறங்காது. இதைக் கண்டுபிடித்த மகானை இதுவரை யாரும் தேடிப்போய் உதைக்கவில்லை.

எண்பத்து நான்கில் கிளெண்டா கடைசி வருடம் படித்தாள். அரை வருடம் சமையலோ தச்சோ படித்தே ஆக வேண்டும் என்று பள்ளியில் விதி. இவள் சமையல் எடுத்தாள். டீச்சர் மிஸ் டெட்மர். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த, பிள்ளைகளோடு நின்றால் அடையாளம் தெரியாத இளம் பெண். தேர்வுக்கு அக்கா லெமன் பை செய்தாள். அடியில் மொறுமொறுவென்று மாவு, நடுவில் புளிப்பும் இனிப்புமாக எலுமிச்சைக் கூழ், மேலே முட்டை வெள்ளைக்கருவை நுரைத்து வாட்டின மகுடம். ஒரு துண்டு வீட்டுக்கு வந்தது. நான் தின்றேன். அதற்குப் பிறகு அப்படி ஒன்றை எங்கேயும் தின்றதில்லை என்று சொல்ல வேண்டியிருப்பது எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

மிஸ் டெட்மர் ஏ போட்டார். சராசரி இறங்கியது. வெண்டெல் கிரிஸ்ப் என்கிறவன் முதல் இடத்துக்குப் போனான். அவன் எப்படித் தப்பித்தான் என்றால், முட்டை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று டாக்டரிடம் சீட்டு வாங்கிச் சமையலிலிருந்தும், மரத்தூள் ஒத்துக்கொள்ளாது என்று இன்னொரு சீட்டு வாங்கித் தச்சிலிருந்தும் நழுவிவிட்டான். இன்றைக்கும் மெயின் தெரு ஓட்டலில் காலை வேளையில் அவனைப் பார்க்கலாம். மர நாற்காலியில் உட்கார்ந்து முட்டை ஆம்லெட்டை வெட்டிக்கொண்டிருப்பான்.

அக்கா நூலிழையில் இரண்டாவது. அந்த வருடம் அவள் மாசசூசெட்ஸில் உள்ள ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். பெயரைச் சொன்னால் அவர்களுக்கு விளம்பரம், சொல்ல மாட்டேன். இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவள் அழவில்லை. சமையலறையில் நின்றுகொண்டு எங்கள் அம்மாவிடம், "அந்த லெமன் பைதான் என் குடியைக் கெடுத்துச்சு" என்றாள். அன்றைக்கு அது பதினெட்டு வயதுப் பெண்ணின் கோபம். ஐம்பதிலும் அதையே சொன்னால் அதற்கு வேறு பெயர்.

கொலம்பஸில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். நன்றாகப் படித்தாள், நன்றாகச் சம்பாதித்தாள், நல்ல மனிதனைக் கட்டினாள். ஆனால் அவள் வீட்டு ஓவன் ஒரு நாளும் சூடாகவில்லை. அதற்குள் பழைய சட்டிகளை அடுக்கி வைத்திருந்தாள். நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்குப் போனால் கடையில் வாங்கின ஆப்பிள் பையை அலுமினியத் தட்டோடு, விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காமல் மேஜையில் வைப்பாள். வேண்டுமென்றேதான். "எனக்கு சமைக்க வராதுன்னு இல்ல. சமைச்சதுக்கு நான் குடுத்த விலை போதும்" என்று ஒவ்வொரு வருடமும் சொல்வாள். புருஷன் ராய் தலையை ஆட்டிக்கொண்டே தின்பான். பாவம், அவனுக்கு ஊரார் பல்லைப் பிடுங்கத் தெரியும், வீட்டில் வாயைத் திறக்கத் தெரியாது.

மிஸ் டெட்மரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சூப்பர் மார்க்கெட்டில் எதிரே பட்டுவிட்டால், தள்ளிக்கொண்டு வந்த வண்டியைப் பாதி வழியில் அப்படியே விட்டுவிட்டு வெளியே போய்விடுவாள். பின்னால் வருகிறவர்கள் இடித்துக்கொள்வார்கள். மிஸ் டெட்மர் அந்த வண்டியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுத் தன் சாமானை வாங்கப் போவார். முப்பது வருடத்துக்கு மேல் இதே கூத்து.

ஒருநாள் நான் கேட்டேவிட்டேன்.

"ஏன்க்கா, முதல் இடம் வாங்கினானே வெண்டெல், அவன் எங்க போனான்? உன்கூடவே கொலம்பஸ்லதானே படிச்சான்? ஒரே சாப்பாட்டுக்கூடத்துலதானே ரெண்டு பேரும் தட்டேந்தி நின்னீங்க?"

"அவன் அப்ளை பண்ணல."

"பண்ணியிருந்தா?"

"கிடைச்சிருக்கும். அவன் சோம்பேறி, பண்ணல. என் இடத்தை எடுத்துக்கிட்டு அதையும் வீணாக்கினான். இப்ப பாரு, கார்ப்பெட் விக்கிறான்."

எங்கள் ஊரில் கார்ப்பெட் கடை என்றால் வெண்டெல் கடை ஒன்றுதான். கிளெண்டா தன் வீட்டுக்குக் கார்ப்பெட் வாங்கக் கொலம்பஸ் வரைக்கும் போனாள்.

இதெல்லாம் அவள் வீட்டோடு முடிந்திருந்தால் பைத்தியம் என்று விட்டிருப்பேன். மகள் மேரென் மேல்நிலைப் பள்ளிக்கு வந்ததும் அக்கா பள்ளி நிர்வாகக் குழுத் தேர்தலில் நின்றாள். வீடு வீடாகப் போய்ச் சிரித்தாள், ஜெயித்தாள். போன கையோடு ஒரு விதியைக் கொண்டுவந்தாள். சமையல், தச்சு வகுப்பில் எந்தப் பிள்ளைக்கும் ஏ, பி என்று போடாமல் வெறும் 'பாஸ்' என்று போட்டுக்கொள்ளலாம். வெறும் பாஸுக்குப் புள்ளி கிடையாது, சராசரியைத் தொடாது. ஆனால் டீச்சர் சம்மதிக்க வேண்டும் என்று குழுவிலிருந்த யாரோ ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் மாட்டினாள்.

மேரென் பதினோராம் வகுப்பில் சமையல் எடுத்தாள். ஜனவரியில் ஏ வந்தது. முதல் இடத்திலிருந்து இரண்டாவதுக்கு இறங்கினாள். மறுநாள் காலை என் கவுண்டருக்கு முன்னால் அக்கா நின்றாள். முகத்தில் கடுகு போட்டால் வெடிக்கும். பக்கத்தில் மேரென் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டெட்மரைக் கூப்பிடு."

"அக்கா, கிளாஸ் நடக்குது."

"நான் நிர்வாகக் குழு மெம்பர். கூப்பிடுடீ."

மிஸ் டெட்மர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். தலை நரைத்துவிட்டது. நடக்கும்போது வெங்காய வாசனை கூடவே வரும்.

"என் பொண்ணுக்கு எதுக்கு ஏ போட்டீங்க?" என்றாள் அக்கா.

"வெங்காய சூப் பண்ணினா. நல்லா இருந்துச்சு."

"எத்தனை பிள்ளைங்க பண்ணுது!"

"பண்ணுது. வெங்காயம் கருகுது. இவ அடுப்புப் பக்கத்துலயே நின்னு பொறுமையா வதக்கினா. அதான் ஏ."

"வெறும் பாஸ்னு மாத்திடுங்க. விதி இருக்கு. நான் போட்ட விதி."

"நான் சம்மதிக்கணும்னும் இருக்கே. பாஸ்னு போட்டா, சூப்பைத் தரையில கொட்டிட்டுப் போன பையனும் இவளும் ஒண்ணாயிடும். மாட்டேன்."

"எங்க குடும்பத்தை அழிக்கணும்னே வேலைக்கு வந்தீங்களா?"

மிஸ் டெட்மர் கொஞ்சம் யோசித்தார். "வேணும்னா பி போடட்டுமா?" என்றார் நிஜமான அக்கறையோடு.

பி போட்டால் இன்னும் இறங்கும். அக்கா மேஜையைக் குத்தினாள். என் காப்பிக் கோப்பை துள்ளி விழுந்தது. வரிசையில் தாமதச் சீட்டுக்கு நின்ற பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தன.

"அம்மா, போதும்மா, வா" என்றாள் மேரென், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு மெதுவாக, "தேங்க்ஸ் மிஸ்" என்றாள். அதை அக்கா கவனிக்கவில்லை.

அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் கொடுத்துவிட்டாள். சமையல் வகுப்பையே மூட வேண்டும். காரணம்: நன்றாகப் படிக்கிற பிள்ளைகளின் சராசரியை அது கெடுக்கிறது, உயர்ந்த பல்கலைக்கழகங்களுக்குப் போகிற வழியை அடைக்கிறது. ஜூன் மாதம் ஓட்டெடுப்பு. மூடினால் மிஸ் டெட்மருக்கு வேலை போகும். அவருக்கு வேறு எந்தப் பாடமும் நடத்தத் தகுதிச் சான்று கிடையாது. ஊரில் பாதிப் பேர் அக்கா பக்கம் பேசினார்கள். அவர்களில் ஒருவருக்கும் முட்டை வேகவைக்கத் தெரியாது என்று பந்தயம் கட்டுவேன்.

ஏப்ரலில் அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தைப் பார்க்க அக்கா, மேரென், நான் மூன்று பேரும் காரில் போனோம். ராய்க்கு நோயாளிகள் இருந்தார்களாம், அதனால் ஓட்டுவதற்கு நான். அங்கே ஒரு பெரிய மண்டபம். அமெரிக்காவின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் வந்த பெற்றவர்கள், கோவிலில் உட்கார்கிற மாதிரி மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிட்டு வைத்து இல்லை என்று சொல்வதற்கென்றே இவ்வளவு அழகான கட்டடத்தை யாராவது கட்டுவார்களா? கட்டியிருக்கிறார்கள். மேடையில் சேர்க்கைப் பிரிவின் இளைஞன் ஒருவன், கலர் கலராகக் காலுறை போட்டவன், பேசிக்கொண்டே இருந்தான். கேள்வி நேரம் வந்ததும் அக்கா முதலில் எழுந்தாள்.

"சார், என் பொண்ணுக்கு சமையல்ல ஏ வந்துடுச்சு."

சிரிப்பு வெடிக்கும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருத்தி "ஐயோ பாவம்" என்றாள். அப்போதுதான் என் அக்கா ஒருத்தி மட்டும் இல்லை என்பது எனக்கு உறைத்தது. மண்டபம் முழுக்கக் கிளெண்டாக்கள்.

"அதனால முதல் இடம் போயிடுச்சு. நீங்க அதை எப்படிப் பார்ப்பீங்க?"

"மேடம், நீங்க கவலையே பட வேண்டாம்" என்றான் அவன். "எங்ககிட்ட வந்ததும் முதல் வேலையா சமையல், ஜிம் இதையெல்லாம் கோடு போட்டு அடிச்சிடுவோம். ஒவ்வொரு ஸ்கூலும் ஒவ்வொரு கணக்கு வெச்சிருக்கு. ஒருத்தர் அஞ்சுங்கறாங்க, ஒருத்தர் ஆறுங்கறாங்க. அதையெல்லாம் ஓரங்கட்டிட்டு எங்க கணக்கை நாங்களே போட்டுக்குவோம். உங்க ஸ்கூல்ல கஷ்டமான பாடம் என்னென்ன இருந்துச்சு, அதுல பொண்ணு எதையெல்லாம் துணிஞ்சு எடுத்தா, எப்படிப் பண்ணினா, வருஷத்துக்கு வருஷம் ஏறுதா இறங்குதா, அதைப் பார்ப்போம்."

"அப்ப முதல் இடம், ரெண்டாவது இடம்?"

"முதல் இடம் வாங்கினவங்களை மட்டும் எடுத்தாலே உள்ள இடம் பத்தாம வெளிய நிப்பாங்க, மேடம். மார்க் நல்லா இல்லாட்டி உள்ளயே வர முடியாது, அது நிஜம். ஆனா மார்க் நல்லா இருக்குங்கறதுக்காக மட்டும் யாரையும் எடுக்கறதில்ல."

"பின்ன எதுக்காக எடுப்பீங்க?"

"முழு மனுஷனையும் பார்ப்போம்" என்று பல்லைக் காட்டினான். பதினேழு வயதுப் பிள்ளையில் முழு மனுஷனை எங்கே பார்ப்பானோ, அவனுக்கே வெளிச்சம்.

அக்கா உட்காரவில்லை. "இப்படி அடிக்கறதெல்லாம் எப்பலேருந்து?" என்று கேட்டாள். குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அவன் மண்டபத்தின் கடைசியில் பார்த்தான். அங்கே விளக்கப் புத்தகங்கள் கொடுத்துக்கொண்டிருந்த வயதான அம்மாளிடம், "ஃபிலிஸ், அது உங்களுக்குத்தான் தெரியும்" என்றான்.

"நான் எழுபதுகள்ல சேர்ந்தப்பவே அப்படித்தான்" என்றார் அந்த அம்மாள் சாவகாசமாக. "அப்பெல்லாம் பென்சில்."

கூட்டம் முடிந்ததும் அக்கா நேரே அவரிடம் போனாள். நானும் மேரெனும் பின்னாலேயே ஓடினோம்.

"எண்பத்து நாலுல என்னை வேண்டாம்னுட்டீங்க. எனக்கு சமையல்ல ஏ இருந்துச்சு."

ஃபிலிஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளைப் பார்த்தார். "அப்ப அந்த ஏவை நானே அடிச்சிருப்பேன்மா. ஓஹையோ விண்ணப்பமெல்லாம் என்கிட்டத்தான் வரும்."

"அப்ப எதுக்காக எடுக்கல?"

"எதுக்காகன்னு என்னத்தம்மா சொல்ல? ஒரு இடத்துக்குப் பத்துப் பேரு, பத்தும் நல்ல பிள்ளைங்க. உங்ககிட்ட குறைன்னு ஒண்ணும் இருந்திருக்காது."

உன்னிடம் குறை இல்லை என்று கேட்டு ஒரு மனுஷியின் முகம் அப்படி வாடியதை நான் பார்த்ததில்லை. யாரும் அவளை ஏமாற்றவில்லை, யாரும் அவள் இடத்தைத் திருடவில்லை. எடுத்துப் பார்த்தார்கள், திரும்ப வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடம் எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது. வெண்டெல் இல்லை, லெமன் பை இல்லை, மிஸ் டெட்மர் இல்லை. முப்பது வருடத்துக் கோபத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவாள்?

திரும்பும் வழியில் பென்சில்வேனியா மாநிலம் வந்தது. பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அக்கா, அந்தத் தீர்மானத்தை வாபஸ் வாங்கிடுவேல்ல? இப்பத்தான் தெரிஞ்சிடுச்சே. சமையல் யாரையும் கெடுக்கலன்னு உன் காதாலயே கேட்டியே."

"ரோட்டைப் பார்த்து ஓட்டு."

"வண்டி நிக்குதுக்கா."

"அப்ப எடுத்து ஓட்டு."

நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஊருக்கு வந்ததும் மிஸ் டெட்மரிடம், "கவலைப்படாதீங்க மிஸ், அவ வாபஸ் வாங்கிடுவா" என்று நானே சொன்னேன். அவர் வருகிற வருடத்துக்குப் மாவு தேய்க்கிற புது உருட்டுக்கட்டைகளுக்குச் சொல்லி அனுப்பினார்.

ஜூன் கூட்டம் பள்ளி நூலகத்தில் நடந்தது. மிஸ் டெட்மர் முன்வரிசையில், கோவிலுக்குப் போகிற உடையில் உட்கார்ந்திருந்தார். அக்கா எழுந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை.

"நான் ஏப்ரல்ல போய் விசாரிச்சிட்டு வந்தேன்" என்று ஆரம்பித்தாள். நல்ல பேச்சுக்காரி, வீடு விற்கிற குரல். "நாட்டுலயே பெரிய யூனிவர்சிட்டி. அவங்க என்கிட்ட நேரடியா சொன்னது என்ன தெரியுமா? சமையல் மார்க்கை அவங்க பார்க்கறதே இல்லையாம். வந்ததும் பென்சிலால அடிச்சுத் தள்ளிடறாங்களாம். இன்னைக்கு நேத்து இல்ல, எழுபதுகள்லேருந்து! அப்ப நாம எதுக்காக இதைச் சொல்லிக் குடுக்கறோம்? யாரும் எண்ணாத ஒரு பாடத்துக்காக நம்ம பிள்ளைங்க அரை வருஷத்தை ஏன் வீணாக்கணும்?"

சமையல் கெடுக்கிறது, ஆகவே மூடு என்றாள் ஜனவரியில். சமையல் கெடுக்கவே இல்லை, ஆகவே மூடு என்கிறாள் ஜூனில். எந்தக் கத்தி அவளைக் குத்தியதோ அதையே பிடுங்கி அந்த அம்மாளின் கழுத்தில் வைத்துவிட்டாள். இத்தனைக்கும் அவள் மனதறிந்து பொய் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாம் அங்கே கேட்டதுதான். வெட்கங்கெட்டவள். என் அக்காவாக இருந்தாலும் சொல்லுவேன், வெட்கங்கெட்டவள்.

கை தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது. யாராவது பேச விரும்புகிறீர்களா என்று கடமைக்குக் கேட்டார்கள். மிஸ் டெட்மர் எழுந்தார்.

"கிளெண்டா, உன் லெமன் பை நல்லா இருந்துச்சு. அதனாலதான் ஏ போட்டேன். வேற ஒரு காரணமும் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

அக்கா தன் முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தாள், மூடினாள், திரும்பத் திறந்தாள். குடிக்கவில்லை.

சமையல் கூடத்திலிருந்த அடுப்புகளைப் பிடுங்கினார்கள். கார்ப்பெட் விரித்தார்கள், வெண்டெல் கடையிலிருந்துதான். இப்போது அது கல்லூரி ஆலோசனை அறை. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் மழைக்காலத்தில் வெங்காய வாசனை அடிக்கிறது என்று ஆலோசகர் என்னிடம் வந்து மூக்கால் அழுகிறார். நல்லா அழட்டும்.

மறு வருடம் மார்ச் கடைசியில் பல்கலைக்கழகத்தின் முடிவு வந்தது. அக்கா என்னையும் கூப்பிட்டிருந்தாள். மேஜையில் கடைக் கேக். மேரென் கம்ப்யூட்டரில் பார்த்தாள், படித்தாள், மூடினாள்.

"இல்லையாம். நான் கொலம்பஸுக்கே போறேன்மா. அங்க சாப்பாட்டுக்கூடம் நல்லா இருக்குமாம்" என்று ஒரு துண்டு கேக்கை வெட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள். அந்தக் குடும்பத்திலேயே மூளை உள்ளது அது ஒன்றுதான்.

ராய் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான், திரும்பி வரவில்லை. அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரோ என்னமோ பண்ணியிருக்காங்க" என்றாள்.

"யாரும் ஒண்ணும் பண்ணலக்கா."

"பின்ன எப்படிடீ? எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?"

"சரியாத்தான் இருந்துச்சு. உனக்கும் சரியாத்தான் இருந்துச்சு. எடுக்கல, அவ்வளவுதான்."

அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. ஆனால் அது அதுவரை என் மேல் விழுந்ததில்லை.

"நீ மேரெனுக்கு லேட்டுன்னு போட்டியே, டார்லா."

"என்னது?"

"பன்னெண்டாவதுல. பனி பெஞ்ச அன்னைக்கெல்லாம் லேட்டு லேட்டுன்னு தட்டினியே. சொந்த அக்கா பொண்ணுன்னு ஒரு நாள் விட்டியா?"

"லேட்டா வந்தா லேட்டு. அது எந்தக் காலேஜுக்கும் போகாதுக்கா! நாங்க அனுப்பறதுல அது இருக்கவே இருக்காது!"

"எந்திரிச்சுப் போ."

போனேன். ஒரு வாரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சொந்தத் தங்கச்சியே வயிற்றெரிச்சலில் தாமதம் போட்டு மேரெனின் எதிர்காலத்தைக் கெடுத்தாளாம். முடி வெட்டுகிற இடத்தில் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்துகிறார்கள். சிலர் நம்புகிறார்கள். நம்பட்டும். சமையல் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று நம்பினவர்கள்தானே.

போன சனிக்கிழமை சூப்பர் மார்க்கெட்டில், மாவு அடுக்கியிருக்கிற வரிசையில் திரும்பினேன். எதிரே அக்கா வண்டி தள்ளிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள். நின்றாள். வண்டியை அப்படியே வழியில் விட்டுவிட்டு, விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

நான் மரம் மாதிரி நின்றேன். பக்கத்து அடுக்கிலிருந்து மிஸ் டெட்மர் எட்டிப் பார்த்தார். இப்போது அவருக்குப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியின் சமையலறையில் வேலை.

"என்ன, இப்ப உன்னையா?"

"ஆமா மிஸ்."

"அது ஒண்ணும் பெரிய கஷ்டம் இல்ல, டார்லா. இத்தனை வருஷம் நான் இருந்தேன்ல. வண்டியை மட்டும் நீதான் நகர்த்தி வைக்கணும்."

நகர்த்தப் போனேன். வண்டிக்குள் எலுமிச்சம்பழம், மாவு, வெண்ணெய், ஒரு பெட்டி முட்டை. அந்த வீட்டு ஓவன் திறக்கப்போகிறது. பழி போடுவதற்கு நான் கிடைத்துவிட்டேன் அல்லவா, இனிமேல் சமையல் மேல் அவளுக்கு என்ன கோபம்?

மிஸ் டெட்மரும் பார்த்தார். வண்டியிலிருந்த உப்பு வெண்ணெயை எடுத்து அடுக்கில் வைத்துவிட்டு, லெமன் பைக்கு ஏற்ற உப்பில்லாத வெண்ணெயைக் கொண்டுவந்து போட்டார். "திரும்பி வருவா. எப்பவும் வருவா, நாம போனதுக்கப்புறம்" என்றார்.

எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது. அவர் அந்தப் பக்கம் திரும்பினதும் முட்டைப் பெட்டியை எடுத்து என் வண்டியில் வைத்துக்கொண்டேன். முட்டை இல்லாமல் செய்யட்டும். வெண்டெலுக்காவது ஒத்துக்கொள்ளும்.